நானூற்றுப் பதிமூன்றாவது பெயர்

பத்துப் பேருடைய பெயரையும் விலாசத்தையும் அடிக்கச் சொல்லியிருந்தாள் நாகஜோதி. ஐரின் ஆறாவது பெயரோடு நின்றுவிட்டாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் ஏ.சி. குளிர் பாதத்தில் முதலில் ஏறும். மாலை ஐந்தரை மணி வகுப்பில் காலேஜ் முடித்த பிள்ளைகள் ஐந்து பேர், நாற்பத்து நான்கு வயதில் ஐரின் ஒருத்தி. சொல்லிக்கொடுக்கிற நாகஜோதிக்கே இருபத்து மூன்று வயதுதான். சாணார்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற பெண். அன்றைக்கு மெயில் மெர்ஜ் பாடம். ஒரே கடிதத்தை ஒரு தடவை அடித்து, பெயர்ப் பட்டியலை அதோடு சேர்த்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் போட்டுத் தனித்தனிக் கடிதமாக வந்துவிடும்.

"உங்க வீட்டுல ஒரு கல்யாணம்னு வச்சுக்கங்க. யாரையெல்லாம் கூப்புடுவீங்க? அதுல ஒரு பத்துப் பேரு, அம்புட்டுத்தான்" என்றாள் நாகஜோதி. பக்கத்து மெஷின் பையன் நூறு பேர் போடலாமா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஐரின் மளமளவென்றுதான் ஆரம்பித்தாள். திருச்சியில் இருக்கும் தங்கை ரெஜினா, தங்கையின் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை சிஸ்டர், பங்குச் சாமியார், பேகம்பூரில் அடுத்த வீட்டு ஜெய்தூன் பீவி. ஆறாவதாக, யோசித்து, நாகஜோதியின் பெயரையே போட்டாள். அதற்குப் பிறகு விரல்கள் விசைகளின் மேல் சும்மா இருந்தன. அம்மா இருந்தவரை வீட்டுக்கு ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் அம்மாவுக்கு வந்தவர்கள் என்பது அம்மா போன பிறகுதான் தெரிந்தது. சனிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்து ஆபீஸைப் பூட்டினால் திங்கட்கிழமை காலைதான் மறுபடி பேச்சு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடுவதைப் பேச்சென்று சொல்ல முடியாது. திங்கட்கிழமை முதல் வார்த்தை எப்போதும் கரகரத்துக்கொண்டு வரும். தொண்டையில் என்ன, ஜலதோஷமா என்று யாராவது கேட்பார்கள். ஆமாம் என்பாள்.

பக்கத்து மெஷின்களில் பிரிண்ட் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாவது வரிசையில் அவள் விரல்கள் தாமாக அடித்தன: ஞானதாஸ், 3/47, மேட்டுத் தெரு, சித்தையன்கோட்டை. இருபது வருஷத்துக்கு முந்திய விலாசம். எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை.

நாகஜோதி வந்து ஒவ்வொரு கடிதமாகத் திரையில் ஓட்டிக் காட்டினாள். "இங்க பாருங்கக்கா, பேரு மட்டும் மாறுது." ஏழாவது கடிதம் வந்தது. 'அன்புள்ள திரு. ஞானதாஸ் அவர்களுக்கு, எங்கள் இல்லத் திருமண விழாவிற்குத் தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து...'

"இது யாருக்கா? சொந்தக்காரரா?"

"முன்னாடி எங்க ஸ்கூல்ல இருந்த சார்ம்மா."

"இன்னும் மூணு பேரு வேணுமே."

"ஏழு போதும்" என்றாள் ஐரின். குரல் கொஞ்சம் வெடுக்கென்று வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த ஜனவரியில் பொன்விழா. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவி ஒருத்தி கம்ப்யூட்டரும் கலர் பிரிண்டரும் ஸ்கேனரும் வாங்கி அனுப்பியிருந்தாள். "நீங்க கத்துக்கிறீங்களா ஐரின், இல்ல வேற ஆளு போடட்டுமா?" என்று சிஸ்டர் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் இருபத்து மூன்று வருஷம் அதே நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்தவளுக்கு அது சாதாரணமாகக் காதில் விழவில்லை. அன்று சாயங்காலமே கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்துவிட்டாள். முதல் வாரம் முழுக்க, வரி முடிகிற இடத்தில் இடது கை தானாக எழுந்து, இல்லாத டைப்ரைட்டர் லிவரைத் தேடும். விசைகளை அவள் அடிக்கிற அடியில் மேஜை ஆடும். "அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிருங்கக்கா, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம்" என்று நாகஜோதி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஞானதாஸ் அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்தார். கணக்கு டீச்சர் நீண்ட விடுப்பில் போனபோது தற்காலிகமாக வந்தவர். கேள்வித்தாளைக் கையால் எழுதிக் கொண்டுவந்து ஐரினிடம் கொடுப்பார், அவள் ஸ்டென்சிலில் அடித்துக் கொடுப்பாள், அவர் சரிபார்ப்பார். அந்த இரண்டு வருஷத்தில் அவர்கள் பேசியதெல்லாம் பெரும்பாலும் வர்க்கமூலமும் அடைப்புக்குறியும்தான். ஒருநாள் சரிபார்த்து முடித்துவிட்டு, தாளைப் பார்த்தபடியே, "எங்கம்மா ஒருநா உங்க வீட்டுக்கு வந்து பேசலாமா?" என்று கேட்டார். அப்பா படுக்கையில் கிடந்தார். ரெஜினா பிளஸ் டூ. "தங்கச்சி கல்யாணம் முடியட்டும் சார்" என்றாள் ஐரின். அவர் தலையாட்டினார். அந்த வருஷக் கடைசியில் சொந்த ஊர்ப் பக்கமே நிரந்தர வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருடைய பணிச் சான்றிதழை அனுப்ப உறையில் விலாசம் அடித்தவள் ஐரின். ரெஜினாவின் கல்யாணம் முடிய ஐந்து வருஷம் ஆயிற்று. அதற்குள் அவருக்கும் கல்யாணமாகிவிட்டதென்று யாரோ ஆபீஸில் பேச்சுவாக்கில் சொன்னார்கள்.

அக்டோபரில் அழைப்பு வேலை ஆரம்பமாயிற்று. பழைய பதிவேடுகளை எடுத்து, தூசி தட்டி, பழைய மாணவிகள், ஓய்வு பெற்ற ஆசிரியைகள் என்று ஒவ்வொரு பெயராக எக்செல்லில் ஏற்றினாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். கடிதத்தைச் சிஸ்டரே எழுதிக் கொடுத்திருந்தார்: 'இப்பள்ளியின் வளர்ச்சியில் தங்கள் பங்கை நன்றியோடு நினைவுகூர்கிறோம்.' பட்டியலின் கடைசியில் வெற்றுக் கட்டங்கள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. நானூற்றுப் பதிமூன்றாவதாக அந்தப் பெயரை அடித்தாள். எல்லாருக்கும் போகிற அதே கடிதம். ஒரு எழுத்துக்கூட அதிகமில்லை. இதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

நான்கு நாள் பிரிண்டர் ஓடியது. சிஸ்டர் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர் கடைசிக் கட்டில் பேனாவை நிறுத்தினார்.

"ஞானதாஸ்... இவரு பெர்மனென்ட்டா இருந்தாரா?"

"இல்ல சிஸ்டர். லீவ் வேகன்ஸில ரெண்டு வருசம்."

"அப்படி வந்துட்டுப் போனவங்க இன்னும் இருப்பாங்களே. எல்லாரையும் போட்டீங்களா?"

"போட்டுக்கிட்டிருக்கேன் சிஸ்டர்" என்றாள். சொன்னது பொய்யாகிவிடக்கூடாதே என்று, அடுத்த இரண்டு நாள் பழைய வருகைப் பதிவேடுகளைத் துருவி இன்னும் ஏழு பேரைக் கண்டுபிடித்தாள். ஒரு தையல் டீச்சர், இரண்டு மாதம் மட்டும் இருந்த பி.டி. மாஸ்டர் என்று. அவர்களுக்கும் கடிதம் போயிற்று. நன்றி சொல்லிப் பதில் போட்ட முதல் ஆள் அந்தத் தையல் டீச்சர்தான்.

தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். நவம்பர், டிசம்பர் முழுக்க அந்த நேரத்துக்கு ஐரின் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாழ்த்து அட்டைகள், வர இயலாமைக்கு வருந்துகிறேன் என்கிற கடிதங்கள், விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்த உறைகள். எதிலும் சித்தையன்கோட்டை முத்திரை இல்லை. திரும்பி வராததால் யாரோ வாங்கியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து நீலப் பட்டுச் சேலையை எடுத்தாள். மடிப்பு மடிப்பாக நிறம் வெளுத்திருந்தது. ஜெய்தூன் பீவி எட்டிப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, விசேசமா?" என்றாள். "ஸ்கூல்ல விழா" என்றாள் ஐரின். அந்த இரண்டு வார்த்தையும் தெளிவாகவே வந்தன.

விழா அன்று பள்ளி மைதானத்தில் பந்தல், மைக், எங்கு பார்த்தாலும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுகிற பழைய மாணவிகள். ஐரின் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். ஆண்கள் யாராவது கேட்டைத் தாண்டி வந்தால் முதலில் தலைமுடியைப் பார்த்தாள். நரைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு பெண் மேஜைக்கு முன்னால் வந்து தயங்கி நின்றாள். ஐரின் வயதுதான் இருக்கும். வெள்ளையில் சின்னப் பூப்போட்ட வாயில் சேலை, கையில் மஞ்சள் பை. பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள். உறையின் மேலிருந்த விலாசத்தை ஐரின் படிக்க வேண்டியிருக்கவில்லை.

"என் பேரு புஷ்பமேரி. சித்தையன்கோட்டையில இருந்து வாரேன். இது எங்க வீட்டுக்காரரு பேருக்கு வந்துச்சு. அவரு இல்லீங்க. வார ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் வந்தா ரெண்டு வருசம். கிளாஸ்ல பாடம் நடத்திக்கிட்டு இருக்கயில நெஞ்சு வலின்னு உக்காந்தவருதான்."

மைக்கில் யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஐரின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரும்படி கையைக் காட்டினாள்.

"அவரு போன பொறகு அவரு பேருக்கு வந்த ஒரே லெட்டரு இதுதான். நாலு நா பிரிக்காமயே வச்சிருந்தேன். ரெண்டு வருசமே வேல பாத்தவர இம்புட்டு வருசம் கழிச்சு நெனச்சு அனுப்பியிருக்காங்களே, அது யாருன்னு பாத்துட்டுப் போவோம்னுதான் வந்தேன்."

"கம்ப்யூட்டர்ம்மா" என்றாள் ஐரின். "லிஸ்ட்டுல இருக்கிற எல்லாருக்கும் அதுவே அடிச்சுக் குடுத்துரும்."

புஷ்பமேரி கடிதத்தைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. பிறகு மெல்லச் சிரித்து, "அதுக்காவது அவரு பேரு தெரிஞ்சிருக்கே" என்றாள்.

ஐரினுக்கு, தன்னை மறைத்துக்கொள்ளப் போய், இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவளின் கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டோம் என்று இருந்தது. "இல்ல, அதுவா போடாது. லிஸ்ட்டுல பேர ஏத்துனது நாந்தான். நான் இங்க கிளார்க்கு. அப்போ டைப்பிஸ்டா இருந்தேன்" என்று அவசரமாகச் சொன்னாள்.

புஷ்பமேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கொஸ்டின் பேப்பரு அடிச்சவங்களா? எப்பவோ ஒரு தடவ சொல்லியிருக்காரு. திண்டுக்கல் ஸ்கூல்ல ஒரு டைப்பிஸ்ட்டு இருந்தாங்க, கணக்குப் பேப்பர்ல ஒரு புள்ளிகூடத் தப்பாதுன்னு."

வேறு ஏதாவது சொன்னாரா என்று ஐரின் கேட்கவில்லை. புஷ்பமேரியும் சொல்லவில்லை. பந்தலில் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"அவரு இருந்த எடத்தச் செத்த நேரம் பாக்கலாமா?"

வகுப்பறைகள் எல்லாம் இடித்துக் கட்டியாகிவிட்டன. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் மாடிப்படி ஓரத்துச் சுவரில் வருஷ வாரியாகக் குரூப் போட்டோக்கள் மாட்டியிருந்தன. ஐரின் அவளை அங்கே கூட்டிப்போனாள். முன்வரிசையில் சிஸ்டர்கள் உட்கார்ந்திருக்க, பின்னால் ஆசிரியைகள் நிற்க, தற்காலிக ஆளும் ஆபீஸ் ஆளும் என்பதால் வலது ஓரத்தில் ஒதுக்கி நிற்க வைக்கப்பட்ட இருவர்: மெலிந்த ஞானதாஸ், பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட். புஷ்பமேரி ஞானதாஸை மட்டும்தான் பார்த்தாள். கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தின போட்டோ ஒண்ணுகூட வீட்டுல இல்ல. இம்புட்டு முடி இருந்துச்சா இவருக்கு?"

ஐரின் போட்டோவைக் கழற்றி ஆபீஸுக்குள் கொண்டுவந்தாள். சட்டத்தின் பின்பக்க ஆணிகளை ஸ்கேலால் நெம்பி, படத்தை வெளியே எடுத்து, ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து மூடினாள். மூடிக்கு அடியில் வெளிச்சம் ஒன்று ஊர்ந்து போயிற்று. திரையில் எல்லாரும் வந்து நின்றார்கள். மவுஸைப் பிடித்து அவரைச் சுற்றி ஒரு கட்டம் இழுத்தாள். இடது பக்கம் ஆசிரியையின் தோளைத் தள்ளிவிட்டுக் கட்டத்தை நெருக்கினாள். வலது பக்கம் நெருக்கும்போது கை நின்றது. ஒரு விரல் அகலத்துக்குச் சேலைக்கரை உள்ளே இருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் போய்விடும். அவள் இழுக்கவில்லை. அப்படியே பிரிண்ட் கொடுத்தாள்.

தாள் ஈரமாக வெளியே வந்தது. "தொட்டுறாதீங்க, மை ஒட்டும். காயணும்" என்றாள். இருவரும் ஃபேனுக்கு அடியில் போய் நின்றார்கள். காற்றில் தாள் படபடத்தது. புஷ்பமேரி ஒரு ஓரத்தைப் பிடித்திருந்தாள். சுருண்டுவிடாமல் இருக்க ஐரின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இது யாரு சேல?" புஷ்பமேரி கேட்டாள்.

ஐரின் தாளின் ஓரத்தை நேராக்கினாள். "பக்கத்துல நின்னவங்களோடது. வெட்டிரட்டுமா? ஒரு நிமிசந்தான் ஆகும்."

"வேணாங்க, இருக்கட்டும்" என்றாள் புஷ்பமேரி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வெட்டுனா தனியா நிக்கிற மாதிரி இருக்கும்."

வெளியே மைக்கில் எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பந்தலில் நாற்காலிகள் கரகரவென்று நகரும் சத்தம் கேட்டது. மை இன்னும் முழுதாகக் காயவில்லை. இருவரும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்தபடி, தாள் மடங்காமல், ஃபேனுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.