யூரையாவின் பையிலிருந்த பிளக்

என் டாக்சியில் ஏறுகிறவர்களுக்கு வாய் நீளம். மெல்ரோஸ் மேட்டில் ஆமை விளக்கு எரிந்தால் போதும், பின்சீட்டிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஜெசிந்த் அக்கா, இறங்கித் தள்ளட்டுமா? இல்ல வண்டிக்கு ரெண்டு சுட்ட கிழங்கு வாங்கிக் குடுக்கட்டுமா?"

என்னுடையது மின்சார வண்டி. பேட்டரி துவண்டுவிட்டால் முன்பலகையில் ஒரு ஆமைப் படம் மஞ்சளாக எரியும். அதன்பிறகு வண்டி ஊர்ந்துதான் போகும். மே பென்னிலிருந்து மாண்டவில் போகிற தடத்தில் அந்த மேட்டை ஏறாமல் பிழைப்பு இல்லை. போன வாரம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நடுமேட்டில் இறக்கி இன்னொருத்தன் வண்டியில் ஏற்றிவிட்டேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அன்றைக்கே பேட்டரியை மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

புது பேட்டரியெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றிய பழையதுதான். காயலான் கடை க்ளீவ் ஒன்று வைத்திருந்தான். எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டதற்கு, "இடிச்ச வண்டிதான்கா, பின்ன கல்யாண வண்டியா?" என்றான். அந்த வாய்க்கு அப்போதே ஒரு அறை விட்டிருக்க வேண்டும்.

மாற்றிக் கொடுப்பது என் தம்பி யூரையா. ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை, நடுவில் ஆள் நிற்கும் குழி, குழிமேல் என் வண்டி. பேட்டரியைத் தூக்கும்முன் அதன் நாலு மூலையிலும் கொஞ்சம் வெள்ளை ரம் தெளித்தான்.

"யார் செத்த வண்டியோ. குடிச்சிட்டு அவன் பாட்டுக்குப் போகட்டும்."

"எனக்கு ஒரு வாய் வைடா, செத்தவனுக்கே எல்லாத்தையும் ஊத்தாத" என்றேன்.

குழிக்குள் இறங்கியது நான். அவன் தொப்பை அதற்குள் திரும்பாது. யூரையாவின் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. பேட்டரியின் தலையில், முன்சீட்டுக்குப் பின்னால், உள்ளங்கை அளவில் ஆரஞ்சு நிறப் பிளக் ஒன்று செருகியிருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் அவ்வளவு பெரிய பேட்டரியும் வெறும் பெட்டி. குழியில் இறங்குகிறவர் அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். அப்போதுதான் மேலே இருக்கிற எந்த மடையனும் மறந்துபோய்ச் செருகி உங்களைக் கொல்ல முடியாது. ஆனால் அது குனியும்போதெல்லாம் இடுப்பில் குத்தியது. "இந்தா, நீயே வச்சுக்க" என்று மேலே நீட்டிவிட்டேன். யூரையா முறைத்துக்கொண்டே வாங்கித் தன் பையில் போட்டான். ரப்பர் கையுறையையும் வேர்க்கிறது என்று கழற்றிப் போட்டேன். அதற்கும் திட்டினான்.

பேட்டரியின் வாயும் என் வண்டியின் வாயும் பொருந்தவில்லை. அதனால் யூரையா பேட்டரியிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தடித்த கம்பி இழுத்து, நுனியில் இரண்டு செம்புத் தகடுகளை முடுக்கியிருந்தான். ஏதாவது கழன்று கிடந்தால் மின்சாரம் வராமல் தடுக்கிற மெல்லிய காவல் கம்பி ஒன்று உண்டு. அது இந்தப் பழைய பேட்டரியோடு ஓயாமல் சண்டை போட்டதால், அதையும் முறுக்கிக் கட்டி ஏமாற்றி வைத்திருந்தான். அந்தத் தகடுகளை வண்டியோடு பூட்டுவதுதான் மிச்ச வேலை.

அப்போதுதான் மழை தகரத்தை அடிக்க ஆரம்பித்தது. கூடவே இரண்டு ஜோடிக் கால்கள் உள்ளே வந்தன.

குழியிலிருந்து எனக்குத் தெரிந்தது வண்டிக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளி மட்டுந்தான். ஒருவன் தோல் பூட்ஸ். இன்னொருவன் வெள்ளைக் கான்வாஸ், சின்ன வயசு. பூட்ஸ்காரன் கையில் தொங்கிய வெட்டுக்கத்தியின் நுனி முழங்காலுக்குக் கீழே ஆடியது. அதில் ரத்தம் இருந்தது, மழையில் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"க்ளீவ் இங்கதான்னு சொன்னான். சொல்லிட்டுத்தான் செத்தான்" என்றான் பூட்ஸ்காரன். "நான் பால்ஃபர். கார்ல்ட்டனோட அண்ணன்."

கார்ல்ட்டன் யார் என்று மே பென்னில் தெரியாதவர்கள் இல்லை. மழைக்காலத் தொடக்கத்தில் டாக்சிக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். வண்டி சுவரில் மோதி நின்றது. அந்த வண்டியைத்தான் க்ளீவ் நாய் திருடித் துண்டு போட்டிருக்கிறான்.

"என் தம்பி உயிர் போன வண்டிடா அது" என்றான் பால்ஃபர். அவன் குரல் உடைந்தது. "அவன் ரத்தம் இன்னும் காயல. அதுக்குள்ள பேட்டரிய வித்துத் தின்னீங்களா?"

எனக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. பொய் சொல்லவில்லை, வந்தது.

"அண்ணே, சத்தியமா எங்களுக்குத் தெரியாது" என்றான் யூரையா. "எடுத்துக்கங்க. வண்டியோடவே இழுத்துட்டுப் போங்க."

"ஏன் இழுக்கணும்? ஓட்டிட்டே போறோம். கேமார், ஏறு!"

வெள்ளைக் கான்வாஸ் உள்ளே ஏறியது. தலைக்கு மேல் வண்டி அசைந்தது. "பிளக் இல்லண்ணே. கார்ல்ட்டன் வண்டியிலயும் இதேதான். பிளக் இல்லாம ஓடாது."

"எங்கடா பிளக்?"

"தொலைஞ்சிடுச்சு" என்றான் யூரையா.

முதல் அடி கத்தியின் தட்டையால் விழுந்தது என்று நினைக்கிறேன். சத்தம் அப்படித்தான் இருந்தது. யூரையாவின் கால்கள் தடுமாறின. அடுத்தது பூட்ஸால். அவன் விழுந்தான். வயிற்றில் மிதித்தான், மறுபடி மிதித்தான். என் தம்பி கத்தவில்லை. கத்தினால் நான் வெளியே வந்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். க்ளீவைக் கொன்றுவிட்டு வந்தவன் இன்னொரு சாட்சியை விடமாட்டான் என்பதும் தெரியும்.

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். கையுறைகளைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். செம்புத் தகடுகள் இரண்டையும் கையில் பிடித்தேன். பிளக் யூரையாவின் பையில் இருக்கிறவரை அவை வெறும் செம்பு. கேமார் அதைச் செருகிப் பொத்தானை அழுத்தினால், என் கையில் இருப்பதற்கு முன்னால் எந்தக் கத்தியும் நிற்காது. எனக்கு அந்தப் பிளக் உள்ளே போயாக வேண்டும்.

யூரையாவின் முகம் தரையோடு அழுந்தியது. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. இன்னொரு கண் வண்டிக்கு அடியில் என்னைக் கண்டுபிடித்தது.

சத்தமில்லாமல் வாயசைத்தேன். குடுத்துடு.

அவன் தலையை ஆட்டினான். மாட்டேன்.

குடுடா!

மாட்டேன் என்று மறுபடி ஆட்டினான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நான் வெறுங்கையோடு கம்பியைப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான், மடையன். கையுறையைத் தூக்கிக் காட்டினேன். குழிக்குள் இருட்டு. அவனுக்குத் தெரியவில்லை.

"பையிலதான் கைய வச்சிருக்கான்" என்றான் பால்ஃபர். கையைப் பிடுங்கி வெளியே இழுத்தான். முஷ்டி மூடியிருந்தது. விரலிடுக்கில் ஆரஞ்சு தெரிந்தது. "தொற."

திறக்கவில்லை. அந்தக் கையைக் குழியின் சிமெண்ட் விளிம்பில் வைத்து மிதித்தான். அப்போதும் திறக்கவில்லை. கத்தி ஓங்கியது எனக்குத் தெரியவில்லை, இறங்கியதுதான் தெரிந்தது. யூரையா அப்போதுதான் கத்தினான். ஏதோ ஒன்று உருண்டு என் பாதத்தின்மேல் விழுந்தது. குனிந்து பார்க்கவில்லை. என்னவென்று தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டேன், வாயெல்லாம் ரத்தம்.

"கேமார், இந்தா!"

மேலே பிளக் செருகும் சத்தம் கேட்டது. பிறகு வண்டி கண் விழிக்கும்போது பாடுகிற அந்தச் சின்ன மெட்டு. அதை நான் தினமும் காலையில் கேட்கிறேன்.

"பேட்டரி கோடு பன்னெண்டும் எரியுதுண்ணே! ஆனா நகரல!"

"ஏன் நகரல?"

"தெரியல, அடியில ஏதோ கழட்டியிருக்கான்போல."

பால்ஃபர் முழங்காலிட்டான். கத்தியைக் குழிக்குள் விட்டுத் துழாவினான். பிறகு குனிந்தான். அவன் முகமும் என் முகமும் நேருக்கு நேர். அழுது சிவந்த கண்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் இரண்டு தகடுகளையும் அந்தக் கத்தியின்மேல் வைத்து அழுத்தினேன்.

கொட்டகையே வெள்ளையாகிவிட்டது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். கத்தி உருகி அவன் முகத்தில் தெறித்தது. முடி கருகும் நாற்றம், அப்புறம் இறைச்சி. நான் குழியின் சுவரில் போய் விழுந்தேன். கண் தெரியவில்லை. பால்ஃபர் மட்டும் அலறிக்கொண்டிருந்தான், "கார்ல்ட்டன், கார்ல்ட்டன்" என்று, தம்பி பக்கத்து அறையில் இருப்பதைப் போல. வெள்ளைக் கான்வாஸ் மழைக்குள் ஓடியது.

பால்ஃபர் பிழைத்துக்கொண்டான். இரண்டு கண்ணும் போய்விட்டன. நான் வருத்தப்படவில்லை. ஆனால் அந்த அலறல் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

மாண்டவில் ஆஸ்பத்திரியில் யூரையாவுக்கு நினைவு வந்தபோது கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தான். மூன்று விரல் போயிருந்தது.

"வண்டி?"

"போலீஸ் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"போகட்டும்." சிரிக்கப் பார்த்தான், உதடு கிழிந்திருந்ததால் முடியவில்லை. "குடுத்துடு, குடுத்துடுன்னு வாயசைச்சியே. எனக்காகச் சாகத் துணிஞ்சிட்டியே, அக்கா. நான் விடுவேனா?"

நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். அந்த மூன்று விரலுக்கு அவன் வைத்திருக்கிற காரணம் அது ஒன்றுதான். அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் என் தம்பியிடம் எனக்குப் பொய்யும் வராது.

"கையுறை போட்டிருந்தேன்டா" என்றேன். "நான் சாகறதுக்குக் கேக்கல. அவனைக் கொல்லறதுக்குக் கேட்டேன்."

யூரையா விரலில்லாத கையை மெல்ல நகர்த்தி என் மடியில் வைத்தான்.

"இனிமே பிளக் உன் பையிலேயே இருக்கட்டும், சனியனே" என்றான்.