பருப்புத் தண்ணீரில் பொற்கோயில்

பொன் தண்ணீரில் அசைவதைப் பார்க்காமல் ஒரு பிறவி முடியக்கூடாது, அமிர்தசரஸ் குளத்தின் முன்னால் நிற்கிறபோது மனிதன் தன் அகந்தை மொத்தத்தையும் படிக்கட்டிலேயே கழற்றி வைத்துவிடுகிறான் என்று சென்னியப்பன் மேடைக்குரலில் சொல்கிறார், சொல்கிறவர் கையில் எவர்சில்வர் டம்ளர், டம்ளரில் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், அதில் டியூப்லைட் மஞ்சளாக நெளிகிறது, அமிர்தசரஸை அவரும் காலண்டரில்தான் பார்த்திருக்கிறார். தலையணைகளில் சாய்ந்திருக்கும் மனைவி தெய்வானையின் மூக்குக் குழாயில் ஊசியில்லாத சிரிஞ்சைப் பொருத்தி, தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறார், தொண்டையில் கட்டி வந்தபிறகு வாய்வழியாக எதுவும் இறங்குவதில்லை, இனிமேலும் இறங்காது என்று டாக்டர் அவரை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார், கதவு திறந்தே இருந்தது. அப்பறம் எங்க போறோமுங்க, என்கிறாள். சின்னப் பயணம்தான், கோயில் பார்ப்பது, சாப்பிடுவது, திரும்புவது, ஒவ்வொரு வேளையும் ஊற்றி முடிகிறவரை அவர் அந்தத் திட்டத்தைச் சொல்ல வேண்டும், அதுதான் அவளுக்குச் சாப்பாடு.

ரயிலில் காலையில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, என்று ஒருநாள் ஆரம்பித்தார், அவள் கண்ணைத் திறந்தாள், நெனப்புல போறதுக்குமா புளிச்சோறு கட்டுவீங்க. காலனி சுற்றுலாக் குழுவுக்கு நிரந்தரத் தலைவர் அவர், மைக்கைக் கொடுத்தால் பாரதத்தின் பன்முகப் பண்பாடு என்பார், பஸ்ஸில் சமையல்காரரையும் சாம்பார்பொடி மூட்டையையும் ஏற்றிவிடுவார், காசியில் கங்கைக்கரையில் வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் தயிர்சாதம் சாப்பிட்டார்கள், எதிர்க்கடை வாணலியில் கச்சோரி உப்பி உப்பி மேலே வந்தது, தெய்வானை தட்டைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், காசியா அது, இப்போது அவர் கண்ணுக்கு உப்புவது அமிர்தசரஸ் குல்ச்சா ரொட்டி மாதிரியும் இருக்கிறது, வெண்ணெய் சொட்டச் சொட்டப் பிட்டு வாயில் போடுகிறாள், லஸ்ஸி ஆடை வெள்ளையாக மேலுதட்டில் ஒட்டியிருக்கிறது, இல்லை, அது பிளாஸ்திரி, குழாய் நழுவாமலிருக்க நர்ஸ் ஒட்டியது.

தலையை மூடாமல் கோயிலுக்குள் விடமாட்டார்கள் என்கிறார். முடி கொட்டிய தலையில் கட்டியிருக்கும் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், நான் ரெடியாத்தானுங்க இருக்கேன், நீங்கதான் இன்னும் கெளம்புல. அவர் பேச்சை மாற்றுகிறார். அவள் நாவில் ருசி படும்வரை என் நாவிலும் படாது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தபந்தம் சூழச் சபதம் செய்தவர், கொழுந்தியாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், அன்று முதல் வீட்டில் உப்பில்லாத கஞ்சி, சாயங்காலம் மட்டும் நடைப்பயிற்சி, அந்த நடை முக்குக் கடை அடுப்பு வரைக்கும் போய்த் திரும்பிவிடும்.

லங்கரில், அந்தக் கோயில் அன்னதானக் கூடத்தில், யாராக இருந்தாலும் தரையில்தான் உட்கார வேண்டும், ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே டம்ளரில் மிச்சமிருந்ததைச் சிரிஞ்சில் ஊற்றினார், தெய்வானை இரண்டு கையையும் ஏந்தினாள், ஊசி குத்திக் கறுத்த கைகள், ஏந்தியபடியே இருந்தாள். ஜோப்புல இருக்கறத வைங்க, என்றாள், தெனமும் வாசம் வருதுங்க. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து எண்ணெய் ஊறிய காகிதத்தோடு பருப்பு வடையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார், முகத்தருகே கொண்டுபோனாள், குளத்தின் முன்னால் நிற்பவளைப்போலக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முகர்ந்தாள், பிறகு அவரிடமே நீட்டினாள், என்ர முன்னாடியே தின்னுங்க, தின்னுட்டு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க, பொய் சொல்லாதீங்க.

தூக்கிப் பிடித்த சிரிஞ்சில் மஞ்சள் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது, டியூப்லைட் அதில் கடைசியாக ஒருமுறை பொன்னாக நெளிந்து, குழாய்க்குள் போய், இல்லாமலானது, அவர் இன்னொரு கையால் வடையைக் கடித்தார், அழுதுகொண்டே மென்றார், அவள் பதிலுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடை நன்றாக இருந்தது.