ஓடியவரின் பெயர்

அப்பாவின் சவப்பெட்டியைப் பள்ளிவாசல் முற்றத்துக் கல்மேடையில் இறக்கும்போதே மெலாஹத்தின் கண் பெரியப்பாவைத் தேடியது. ஷாகிர் வந்திருந்தார். தம்பியோடு பல வருடமாக முகம் கொடுத்துப் பேசாத மனிதர், பனியில் நனைந்த தொப்பியோடு முதல் வரிசையில் நின்றார்.

எல்லாம் ஒரு பெயரால் வந்த வினை. குடும்பப் பெயர் கச்சார். ஓடிப்போகிறவன் என்று பொருள். எல்லாருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் வந்த வருடம், ஊரில் யாரோ குசும்பாகச் சொல்ல, குமாஸ்தா எழுதிவிட்டான் என்று கேட்டுத்தான் மெலாஹத் வளர்ந்தாள். தாத்தா போர்முனையிலிருந்து ஓடிவந்தவராம். பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்த அப்பாவை 'ஓட்டக்கார சார்ஜெண்ட்' என்று சிப்பாய்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போய், அஞ்சாதவன் என்று பொருள்படும் கோர்க்மாஸ் என்ற பெயரை வாங்கிக்கொண்டார். அதன்பின் அண்ணன் ஷாகிர் அவர் வாசல் மிதிக்கவில்லை.

இமாம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இவர்மேல மனக்குறை ஏதாச்சும் இருந்தா, மன்னிச்சு விட்டுட்டீங்களா?"

"விட்டோம்," என்றது கூட்டம். ஷாகிரின் உதடு அசையவில்லை.

மூன்று தடவை கேட்பது வழக்கம். இரண்டாவது தடவையும் அவர் வாய் திறக்கவில்லை. அப்பா மன்னிப்பில்லாமலே மண்ணுக்குள் போகப்போகிறார் என்று மெலாஹத்துக்குப் பட்டது. பெண்கள் நிற்கிற மூலையிலிருந்து நேராக அவரிடம் நடந்தாள். யாரோ முக்காட்டைப் பிடித்து இழுத்தார்கள். அவள் நிற்கவில்லை.

"ஒரு பேருக்காகவா பெரியப்பா இவ்வளவு வீம்பு? அவரைப் புதைக்கப் போறாங்க."

"அந்தப் பேரை யாரும் எங்கப்பா தலையில கட்டலேம்மா. 'கச்சார்னே எழுது'ன்னு அவராத்தான் குமாஸ்தாகிட்ட சொன்னாரு. சாகுறப்ப எங்கிட்ட சொன்னது இது. 'கூட இருந்தவன் எல்லாம் பனியில விறைச்சுச் செத்தான், நான் ஓடினேன். ஓடினதாலதான் நீங்க ரெண்டு பேரும் பொறந்தீங்க, அதை எதுக்கு மறைக்கணும்'னாரு."

"இது அப்பாவுக்குத் தெரியுமா?"

ஷாகிர் சவப்பெட்டியைப் பார்த்தார். "கோர்ட்டுக்குப் போனான்னு கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. அவனே வந்து கேக்கட்டும்னு சொல்லாமலே இருந்துட்டேன்."

மெலாஹத்துக்கு ஆத்திரம் பொங்கியது. சொந்தத் தகப்பனை நினைத்துக் கடைசி மூச்சு வரை கூசிக்கொண்டிருந்தாரே அப்பா.

இமாம் மூன்றாம் முறை கேட்டார்.

"விட்டுட்டேன்," என்றார் ஷாகிர், எல்லாருக்கும் பிந்தி. பிறகு தாழ்ந்த குரலில், "அவன் என்னை மன்னிக்கணுமே இமாம். அதை அவன்கிட்ட யாரு கேக்குறது?"

இமாம் பிரார்த்தனைக்குக் கைகளை ஏந்தினார்.

பெட்டியைத் தூக்கினார்கள். ஒரு மூலைக்கு ஷாகிர் தோள் கொடுத்தார். நாலு எட்டு சுமந்துவிட்டு அடுத்தவருக்குத் தோள் மாற்றிக் கொடுப்பதுதான் அங்கே முறை. "கொடுங்க பெரியவரே" என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டார்கள். ஷாகிர் கொடுக்கவில்லை. மேட்டில் பனி வழுக்க, மூச்சிரைக்க, இடுகாடு வரை அந்த மூலையை அவரே சுமந்துகொண்டு போனார்.