ஊசித் துப்பாக்கி வழக்கு

அக்கா வக்கீலாக இருந்தால் ஃபீஸ் மிச்சம் என்று நினைப்பவர்கள், அப்படி ஓர் அக்காவோடு ஒரு வாரம் குப்பை கொட்டிப் பார்க்க வேண்டும். கூப்பிடாத நேரத்தில் வருவாள், உட்காருவதற்கு முன்பே திட்ட ஆரம்பிப்பாள். அன்றைக்கும் கால்நடை ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறைக் கதவைத் தட்டாமல்தான் நுழைந்தாள்.

“அடியே ஊசி, உன் கேஸ் ஜெயிச்ச மாதிரிதான்!”

ஊசி என்பது டாக்டருக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். டாக்டர் நிமிரவில்லை. மயக்கத்தில் கிடந்த ஒரு பழுப்பு நாயின் தோளுக்குள் இடுக்கியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“செருப்பை வெளிய விட்டுட்டு வா. அப்புறம் ஜெயிக்கலாம்.”

வழக்கு இதுதான். லாரியிலிருந்து குதித்த காளை ஒன்று மிரண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்துவிட்டது. டாக்டர் ஓடிப்போய், மயக்க ஊசியைத் தூரத்திலிருந்தே எய்கிற காற்றுத் துப்பாக்கியால் அதைப் படுக்க வைத்தாள். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் மட்டும் தட்டவில்லை. “லைசென்ஸ் எங்கே?” என்றார். மிருகக்காட்சிசாலை கழித்துப்போட்ட கருவி அது. அதற்கு லைசென்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று கொடுத்தவரும் யோசிக்கவில்லை, வாங்கியவளும் யோசிக்கவில்லை. தண்டனை விழுந்தால் சிறை, மருத்துவப் பதிவும் ரத்து. அவளை விட்டால் வேறு டாக்டர் இல்லாத அந்த ஆஸ்பத்திரிக்குப் பூட்டுதான்.

“சட்டத்துல என்ன இருக்கு?” என்றாள் அக்கா. “‘வெடிமருந்தாலோ வேறு விசையாலோ பொருளை எறியும் கருவி.’ அந்த வேறு விசையில வெறும் காத்து சேராதுன்னு வாதாடப்போறேன். எவ்வளவு குறுக்கிப் படிக்க முடியுமோ அவ்வளவு குறுக்கி! காத்துல சுடறது துப்பாக்கியே இல்லை. கேஸ் புஸ்ஸுன்னு போயிடும். பழைய தீர்ப்பு ரெண்டு மூணு நமக்குச் சாதகமா இருக்கு.”

டங்கென்று தட்டில் ஏதோ விழுந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டு.

“இதை எறிஞ்சது எது தெரியுமா?” என்றாள் டாக்டர். “அதே வெறும் காத்துதான். கடையில பொம்மையோட பொம்மையா விக்கிறான். நம்ம மாடி வீட்டுப் பையனுக்குக் கண்ணு போச்சே, மறந்துட்டியா? நீ ஜெயிச்சா இது எதுவும் துப்பாக்கி இல்லைன்னு கோர்ட்டே சொன்ன மாதிரி ஆயிடும்.”

“ஆகட்டுமே! அதை ஊர் பாத்துக்கும். நீ முதல்ல உள்ள போகாம இரு.”

“அந்த வாதத்தை வச்சு என்னைக் காப்பாத்தாதே அக்கா.”

“பைத்தியமாடி உனக்கு? அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்ல? உன் சின்னப் பொண்ணு நாய்க்காக ஜெயிலுக்குப் போயிருக்கான்னா?”

கதவு அறைபட்டது. டாக்டர் தையல் போட உட்கார்ந்தாள். வீராப்பாகப் பேசிவிட்டாளே தவிர, சிறை என்ற வார்த்தையை நினைத்தாலே அழுகை வந்தது. அழுதாள். அழுதுகொண்டே தையலை ஒழுங்காகப் போட்டு முடித்தாள்.

அக்கா பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருப்பதே வீட்டில் பெரிய செய்தி. பிறகு ஒரு காலையில் போன் வந்தது.

“அதே சட்டத்துல ஒரு விலக்கு இருக்கு. ‘உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு கையாண்டவர் குற்றவாளி அல்ல.’ ஆனா அது காவலுக்கு நிக்கிறவங்களுக்கு மட்டும்தான்னு இதுவரைக்கும் எல்லா கோர்ட்டும் சொல்லியிருக்கு. அதை வச்சு முட்டிப் பாக்கறேன். தோத்தா என்னைத் திட்டக் கூடாது.”

“திட்டமாட்டேன்.”

“நான் உன்னைத் திட்டுவேன்.”

கோர்ட்டில் மின்விசிறி சுற்றியதைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. அரசு வக்கீல் நல்ல மனிதர், வீம்புக்கு வாதாடுகிறவர் இல்லை. காற்றுத் துப்பாக்கியால் கண்ணும் காதும் போனவர்களின் கதையை எடுத்துச் சொல்லி, சட்டத்தை விரித்துத்தான் படிக்க வேண்டும் என்று முடித்தார். எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

அக்கா எழுந்தாள். “அரசு வக்கீல் சொன்னதை முழுசா ஒத்துக்கறோம் ஐயா. அது துப்பாக்கிதான்.”

அரசு வக்கீலின் பேனா உருண்டு கீழே விழுந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, நீங்க யாருக்கு வக்கீல்?”

கோர்ட்டே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“என் தங்கச்சிக்குத்தான் ஐயா. குத்தத்தைச் சொல்ற வரியை இவ்வளவு விரிச்சுப் படிச்சா, விலக்கைச் சொல்ற வரியையும் அதே அளவுக்கு விரிக்கணும். உள்ள இழுக்கப் பெரிய கதவு, வெளிய விட மட்டும் ஊசிக் காதா?”

“அப்போ ஆளாளுக்கு உயிரைக் காக்கறேன்னு துப்பாக்கி தூக்குவாங்களே?” என்றார் அரசு வக்கீல். நியாயமான கேள்விதான்.

“வச்சுக்கறதுக்கு லைசென்ஸ் வாங்கட்டும். என் கட்சிக்காரியும் வாங்குவா. அன்னைக்கு அந்தப் பிள்ளைகளுக்காக எடுத்ததுக்கு ஜெயில் வேண்டாம்னுதான் கேக்கறேன்.”

நீதிபதி டாக்டரை நேராகப் பார்த்தார். “காத்துத் துப்பாக்கி இந்தச் சட்டத்துல வராதுன்னு சொல்லியிருந்தா சுலபமா வெளிய வந்திருக்கலாமே. ஏன்மா சொல்லலை?”

“வந்திருக்கலாம் ஐயா,” என்றாள் டாக்டர். “மறுநாள் காலையில குண்டடி பட்டு என் மேஜைக்கு வர்ற நாயோட மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

நீதிபதி குனிந்து வெகுநேரம் எழுதினார்.

தீர்ப்பு வந்தது. காற்றால் சுட்டாலும் துப்பாக்கி துப்பாக்கிதான். விற்பவரும் வைத்திருப்பவரும் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். உயிரைக் காக்க எடுத்தவர் யாராக இருந்தாலும் விலக்கு உண்டு, டாக்டர் விடுதலை. அக்கா கோர்ட் வராந்தாவிலேயே தங்கையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகை நின்றதும், “இனிமே என்கிட்ட வராதே, உயிரை வாங்கறே” என்று திட்டினாள்.

அடுத்த வாரம் லைசென்ஸ் அலுவலகத்தில் வரிசை மாடிப்படி வரைக்கும் வந்திருந்தது. டாக்டரும் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற பொம்மைக் கடைக்காரர் வந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

“எவளோ ஒரு மகராசி கோர்ட்டுல போய், ஆமா துப்பாக்கிதான்னு தலையாட்டிட்டாளாம். நேத்துகூட ஒரு பொடியன் காசோட வந்து கேட்டான். லைசென்ஸ் இல்லாம விக்க முடியாதுப்பான்னு திருப்பி அனுப்பினேன். பந்து வாங்கிட்டுப் போயிட்டான். என் வியாபாரம் போச்சு. அவளுக்கென்ன, வீட்டுல சுகமா உக்காந்திருப்பா!”

டாக்டருக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

“இல்லீங்க,” என்றாள். “அவளும் உங்களுக்குப் பின்னாடி கால் வலிக்க நின்னுட்டுத்தான் இருக்கா.”