கடப்பாரை நின்ற ஆழம்

மூன்று நாட்களாக ஓயாத மழையின் நடுவே எங்கள் சமையலறைக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. முதலில் இரண்டு முறை செருமியது. பிறகு காப்பி நிறத்தில் அரைக் குவளை கக்கியது. அதன்பின் காற்று மட்டும் வந்தது. தேநீர்போல் வெந்நீர் ஊற்றி உறிஞ்சும் மாத்தே இலையைக் குடுவையில் நிரப்பிவிட்டு, கெண்டியைக் கையில் பிடித்தபடி நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிப்ரவரிக் கோடையில் குழாய் நிற்பதுண்டு. அதற்கு யாரும் கவலைப்படுவதில்லை. இது ஜூன் மாதம்; பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்குக் குளிர்காலம். கூரைத் தகரத்தின் மேல் விழும் மழை, பக்கத்தில் நிற்பவரின் பேச்சையே விழுங்கிவிடும் அளவுக்கு இரைந்துகொண்டிருந்தது. இத்தகைய மழையில் ஊற்று வற்றுவதற்கு நான் அறிந்த காரணம் ஒன்றுதான்: நீர் தன் பழைய வாயை விட்டுவிட்டு, மலைக்குள்ளேயே வேறெங்கோ தேங்கத் தொடங்கியிருக்கிறது.

அந்த ஊற்று ஓடைக்கு அப்பால், என் தங்கை யஸ்னாவின் வீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கிருந்து வரும் ஒரே குழாய்தான் இரண்டாகப் பிரிந்து அவளுக்கும் எனக்கும் தண்ணீர் தருகிறது. அவள் வீட்டில் அவளும், தச்சு வேலை செய்யும் அவள் கணவன் பெலார்மினோவும், ஏழு மாதப் பெண்குழந்தை ரயேனும் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு இடம் குறித்துக் கொடுத்தவள் நான்.

பனியாக விழ வேண்டியது அவ்வாண்டு மழையாக விழுந்தது. ஜூன் மாதத்தில் எங்கள் பள்ளத்தாக்கு முழங்கால் அளவு பனியில் உறங்கிக்கிடக்க வேண்டும். மாறாக, வடக்கிலிருந்து வந்த வெதுவெதுப்பான மேகம் முதற்பனியையும் கரைத்து மண்ணுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் மண்ணை நாங்கள் த்ருமாவ் என்போம். எரிமலை பல்லாயிரம் ஆண்டுகளாக உமிழ்ந்த சாம்பல் அது. அதன் கடைசிப் பூச்சு படிந்தபோது எனக்குப் பத்து வயது. கிறிஸ்துமஸ் அன்று மலை திறந்துகொண்டது. அதன்பின் அப்பா கூரைமீது ஏறிச் சாம்பலைத் தள்ளிக்கொண்டே இருந்தார். சாம்பல் படிந்த புல்லை மேய்ந்து ஆடுகளின் பற்கள் தேய்ந்துபோயின. அந்தச் சாம்பலுக்கும் அடியில், அதைவிடப் பழைய காலத்தில் பனியாறு மலையைச் சுரண்டி அரைத்து விட்டுச்சென்ற களியும் கற்களும் சிமெண்டைப் போல் இறுகிக் கிடக்கின்றன. மேலே பஞ்சு, கீழே கற்பலகை. கோய்வே மரங்கள் பஞ்சில் வேரோடிப் பலகையைத் தொட்டதும் பக்கவாட்டில் விரிகின்றன. இருபது ஆள் உயரத்து மரமும் ஒரு பாயின் மேல்தான் நிற்கிறது.

இவற்றையெல்லாம் நான் நாற்பத்து மூன்றாம் வயதில் கற்றேன். மாலைப் பள்ளியில் படிப்பை முடித்த அதே ஆண்டில், வனத்துறையினர் நடத்திய மண்ணியல் வகுப்புக்கு நான்கு சனிக்கிழமைகள் சென்று சான்றிதழும் பெற்றேன். அதைச் சட்டமிட்டு, சுவரில், கடிகாரத்துக்கு மேலே மாட்டினேன். ஆகவே சென்ற செப்டம்பரில் பெலார்மினோ வீடு கட்ட இடம் தேடியபோது ஊரே பார்க்க நான்தான் குழி தோண்டினேன். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடப்பாரை 'டங்' என்று ஒலிக்கும் வரை தோண்ட வேண்டும்; அந்த ஒலி மலையின் எலும்பைத் தொட்டுவிட்டோம் என்பதற்கு அடையாளம்; அதன்மேல் தூண் நட்டால் பேரனும் அந்த வீட்டில் வாழ்வான். ஐந்து சாணில் கடப்பாரை ஒலித்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "கீழே கல். அச்சமின்றிக் கட்டலாம்," என்றேன், வகுப்பாசிரியரின் குரலில். ஒலித்த அடுக்குக்குச் சற்று மேலே, வெளிறிய மண்ணில் துருவின் நிறத்தில் புள்ளிகளும் கோடுகளும் படர்ந்திருந்ததைக் கண்டேன். மிக அழகாக இருந்தன. அவற்றை என் குறிப்பேட்டில் வண்ணப் பென்சிலால் வரைந்தும் வைத்தேன்.

கெண்டியை வைத்துவிட்டு மழையங்கியை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். மரப்பாலத்தைக் கடந்து, அவர்கள் வீட்டுக்குள் நுழையாமல் பின்பக்கமாக ஏறினேன். சென்ற கோடையில் தூணுக்கும் விறகுக்குமாக பெலார்மினோ வெட்டிய பதினான்கு கோய்வே மரங்களின் அடிக்கட்டைகள் கறுத்து நின்றன. ஊற்றின் வாயில் ஈரமான கற்கள் மட்டுமே கிடந்தன. அதற்கு இருபது அடி மேலே, புல்லில் ஒரு கோடு தெரிந்தது. மாட்டுத் தடம் என்று நம்ப விரும்பினேன். குனிந்து கையை நுழைத்தேன். முழங்கை வரை போயிற்று. பிளவின் ஓரத்திலிருந்து ஒரு கட்டி மண்ணைப் பிய்த்தேன். உள்ளங்கையில் அது ஈரம் காட்டாமல், ரொட்டித் துண்டைப்போல் சாதுவாக இருந்தது. த்ருமாவின் சூதே அதுதான். தொட்டுப் பார்த்தால் சொல்லாது, தேய்த்தால்தான் சொல்லும். கட்டைவிரலால் மூன்று முறை தேய்த்தேன். கட்டி கஞ்சியாகி, விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. குறிப்பேட்டின் துருப் புள்ளிகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நீர் நெடுநாள் தேங்கி நின்றதன் அடையாளம் அவை. தேர்வில் அந்த வினாவுக்கு நான் முழு மதிப்பெண் பெற்றிருந்தேன்.

பெலார்மினோ வாசற்கதவைக் கழற்றி இரண்டு முக்காலிகளின் மேல் படுக்கவைத்து இழைத்துக்கொண்டிருந்தான். யஸ்னா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். குழந்தை அடுப்புக்கு அருகே, ஆப்பிள் பெட்டியில் விரித்த ஆட்டுத்தோலில் உறங்கியது.

"வாங்க மண் டாக்டரே!" என்றான் அவன், இழைப்புளியை நிறுத்தாமல். "மழக்கிக்கூட லீவு கெடையாதா ஒங்களுக்கு?"

"கொழா நின்னுபோச்சு தம்பி."

"எல அடச்சிருக்கும். மழ விடட்டும், ஏறிப் பாக்கறேன்."

"நான் ஏறிப் பாத்துட்டுதான் வாரேன். எல இல்ல."

"அய்யோ அக்கா, தெப்பமா நனஞ்சிருக்க. மொதல்ல அடுப்புகிட்ட வா," என்று யஸ்னா மாவுக்கையோடு என் அங்கியைப் பிடித்து இழுத்தாள். காலையில் பிடித்து வைத்த நீரில் மாத்தே ஊற்றி, தான் ஒரு சுற்றுக் குடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

சொல்ல வேண்டிய சொற்கள் மூன்றே மூன்று. அவை என் தொண்டைவரை வந்தன. ஆனால் நாக்கு வேறொன்றைச் சொன்னது. "பூசணி ரொட்டி பொரிக்கலாம்னு இருக்கேன். எல்லாரும் அங்க வாங்களேன். அப்படியே தங்கிக்கலாம்."

"இந்த மழைல கைப்புள்ளயத் தூக்கிட்டு ரொட்டி திங்க வரணுமா?" யஸ்னா சிரித்தாள். "ஒனக்கு என்னக்கா ஆச்சு?"

பெலார்மினோ குடுவையை ஒரே உறிஞ்சில் முடித்து, "நன்றி," என்று திருப்பிக் கொடுத்தான். எங்கள் பக்கத்தில் போதும் என்பவர்தான் அதைச் சொல்வார். சொல்லாதவரை குடுவை சுற்றிச்சுற்றி வரும், பேச்சும் கூடவே வரும். முதல் சுற்றிலேயே அவன் சொல்லிவிட்டான்.

"மல சரிஞ்சு எறங்கிரும்னு தோணுது," என்றேன்.

இழைப்புளி நின்றது. "எந்த மல?"

"ஒங்க வீட்டுக்கு மேல இருக்கறது."

"மதினி," அவன் குரலில் சிரிப்பும் இருந்தது, சிரிப்பு இல்லாததும் இருந்தது. "நீங்கதான கீழ கல்லுன்னு சொன்னீங்க? ஊரே கேக்கச் சொன்னீங்க. நாலு சனிக்கெழம படிச்சதுக்குச் சட்டம் போட்டு மாட்டுனீங்க. இப்ப அந்தக் கல்லு எங்க ஓடிப்போச்சு?"

"கல்லு ஓடல. அது மேல இருக்கறதுதான் ஓடும்."

"இந்த வீட்டுல ஒவ்வொரு பலகையும் நான் அடிச்சது. ஒங்க கொழா நின்னுச்சுன்னு விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

யஸ்னா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அக்கா, கல்லுன்னுதான சொன்ன?" அவள் பழித்துக் கேட்கவில்லை. இல்லையென்று நான் சொல்லிவிடக் கூடாதே என்று கேட்டாள். அதுதான் என்னைத் தாக்கியது.

"நான் தோண்டுனது பத்தல," என்றேன். அந்த மூன்று சொற்களும் வந்துவிட்டன. சொல்லத் தொடங்கியபின் நிறுத்த இயலவில்லை. "கடப்பார டங்குன்னதும் நிறுத்திட்டேன். அதயும் தாண்டித் தோண்டணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. துருக் கறையப் பாத்தேன். தண்ணி நிக்கிற எடம்னு அது அங்கயே சொல்லிட்டிருந்துச்சு. நான் படம் வரஞ்சு வெச்சேன். அத்தன பேரு கைதட்டுனாங்க, யஸ்னா. எனக்குத் தெரியாது, வேற யாரையாச்சும் கேளுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

யஸ்னா மாவை ஒரு துணியால் மூடினாள். அப்படி மூடியது மாவு புளிப்பதற்காகவா, போவதற்காகவா என்று எனக்கு விளங்கவில்லை. பெலார்மினோ என்னைப் பார்க்காமல் கதவின் மேல் மீண்டும் குனிந்தான். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. அவன் இழைத்துக்கொண்டிருந்த இடத்தை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"கதவுக்கு என்ன?"

"ஊதிப்போச்சு. நேத்தும் எழச்சேன், இன்னிக்கும் இடிக்குது."

"எங்க இடிக்குது?"

"மேல் மூல. மலப் பக்கம்."

"மழச் சாரல் அடிக்கறது கீழ. ஊதுனா கீழதான ஊதணும், தம்பி?"

அவன் கருவிப் பெட்டியிலிருந்து, மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்துக்கொண்டு வாசற்சட்டத்தருகே போனான். மேல் மூலையில் பொருத்தினான். மட்டத்தின் ஒரு கை மரத்தோடு ஒட்டியது; இன்னொரு கைக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்த இடைவெளியில் நுழைத்தான். அது எளிதாக நுழைந்தது. மட்டத்தின்மேல் சந்தேகம் கொண்டவனைப் போல் அதைச் சட்டையில் துடைத்துவிட்டு இரண்டாம் முறை வைத்தான்.

"யஸ்னா," என்றான், திரும்பாமலே. "புள்ளயத் தூக்கு."

அவள் ஏற்கெனவே தூக்கியிருந்தாள்.

நான் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேன். கம்பளிகளையும் மாவுச் சட்டியையும் எடுத்துக்கொண்டேன். பெலார்மினோ மரம் அறுக்கும் எந்திரத்தை ஒரு கையில் எடுத்து, நான்கடி நடந்து, நின்று, அதைப் புல்லில் வைத்துவிட்டு உள்ளே திரும்பினான். வெளியே வந்தபோது கதவை முதுகில் சுமந்திருந்தான்.

"ஏய், கிறுக்கா! கதவ எதுக்குயா தூக்கற?" என்று யஸ்னா பாலத்திலிருந்து கத்தினாள்.

"விட்டுட்டு வந்தா திரும்ப எழக்கணும்ல!" என்று அவனும் கத்தினான். அவள் அழுகையினூடே சிரித்துவிட்டாள். கதவின் மேல் மழை மத்தளம் போல் ஒலிக்க, அவன் குனிந்தவாறே பாலத்தைக் கடந்து வந்தான்.

கூரையிலிருந்து வாளியில் பிடித்த நீரைக் காய்ச்சி மாத்தே ஊற்றினேன். பொழுது சாயத் தொடங்கியது. கதவு எங்கள் சமையலறைச் சுவரில் சாய்ந்து, தரையில் ஒரு குளத்தை உண்டாக்கிக்கொண்டு நின்றது. யஸ்னாவின் இடுப்பிலிருந்தபடி ரயேன் அதன் கைப்பிடியைப் பிடித்து இழுக்க முயன்றாள். பெலார்மினோ குடுவையை வாங்கிக் குடித்தான், திருப்பிக் கொடுத்தான், 'நன்றி' என்று சொல்லவில்லை. நான் மறுபடி நிரப்பினேன். அவன் மறுபடி வாங்கினான். குழந்தையோடு நால்வரும் சன்னலருகே நின்றோம். ஓடைக்கு அப்பால் வீடு மங்கிக்கொண்டே வந்தது. அடுப்பை யாரும் அணைக்கவில்லை. கதவில்லாத வாசல் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"மதினி," என்றான் பெலார்மினோ. "அந்த வாசலோட எடது மூல... முன்னால அப்படியா இருந்துச்சு?"

கண்ணாடியில் படிந்த மூச்சை உள்ளங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

"எனக்குச் சொல்லத் தெரியல தம்பி," என்றேன்.

அவன் தலையசைத்தான். மழைக்கு அப்பால் அந்தச் சிவப்புச் சதுரம் நின்றது. அதன் நான்கு மூலைகளையும் நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிறகு மறுபடியும் முதல் மூலையிலிருந்து தொடங்கினோம்.