ஒன்பதரை மணிக் கைராசி

கிள்ளானில் ராதாகிருஷ்ணனின் மசாலைத்தூள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் ஏழு மணிக்கே வந்து மிளகாயைப் புடைத்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி கோயிலுக்குப் போய், சாவகாசமாகப் பசியாறி, ஒன்பதரைக்கு வந்து சூடம் காட்டி சுவிட்சைத் தட்டினால்தான் அரைவை தொடங்கும். அவர் கைராசி அப்படியாம்!

எண்பத்தாறாம் வருஷம் வியாபாரம் படுத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் சரக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று தூள் வாங்கும் பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முதலாளியின் கோபம் பெண்கள்மேல் பாய்ந்தது.

"கை வேகம் பத்தல. மாசக் கடைசில பவுனம்மாவ நிறுத்திடறேன்," என்றார், மேற்பார்வை பார்க்கும் ராஜேஸ்வரியிடம்.

பவுனம்மாள் வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ராஜேஸ்வரி மிளகாய் காய்வதிலிருந்து லோரியில் ஏறுவது வரை ஒவ்வொரு வேலையாக நின்று பார்த்தாள். சல்லடையை மெஷின் பக்கம் நகர்த்தினாள். பொட்டலம் கட்டும் மேசையை வாசலருகே போட்டாள். கொஞ்சம் நேரம் மிச்சமானது, ஆனால் போதவில்லை. மீதிக் கோளாறு எங்கே என்று எல்லாருக்கும் தெரியும், வாயைத் திறக்கத்தான் ஆளில்லை. அவள் திறந்தாள்.

"லேட்டு மெஷின்லதான் மொதலாளி. நீங்க வர்ற வரைக்கும் சும்மா நிக்குது."

"என் கைராசியில வளந்த கம்பெனி லா இது. வேற யாரு கை வைக்கறது? நீயா?"

அந்த 'நீயா' எங்கே குத்தியது என்று அவளுக்குப் புரிந்தது. கணவனை இழந்தவள், ஆயுத பூசையன்றுகூட எல்லாருக்கும் பின்னால் நிற்பவள். அழுகை வரவில்லை, வீம்புதான் வந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு அவளே சுவிட்சைத் தட்டினாள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார்கள்.

ராதாகிருஷ்ணன் வந்ததும் மெஷினை நிறுத்தினார். "யாரு போட்டது?"

"நான்தான். நிறுத்தறதா இருந்தா என்னைய நிறுத்துங்க. அதுக்கு முன்னாடி வாசல்ல நிக்கற லோரியப் பாத்துட்டு, பவுனம்மா கை ஸ்லோன்னு சொல்லுங்க."

லோரியில் சரக்கு ஏற்றி முடிந்து, டிரைவர் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். முதலாளி லோரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பிறகு சூடத்தைக் காட்டிவிட்டு சுவிட்சைத் தட்டினார்.

"சரி லா. நாளையிலேருந்து நீயே போடு. ஒன் கைக்கும் ராசி இருக்கு போல."

ராஜேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் கையை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் தலையை ஆட்டி மறுத்தாள்.

"வேணாம் மொதலாளி. நான் காய்ச்சல்ல படுத்தா மறுபடி மெஷின் நிக்கும். யாரு மொதல்ல வர்றாங்களோ அவங்க போடட்டும்."

மறுநாள் ஆலைக்கு முதலில் வந்தவள் பவுனம்மாள்.