திரையில் ‘இல்லை’ என்று வந்தது

1.
இந்தக் கதை தைவானின் தாய்ச்சுங் நகரக் கணினிச் சந்தையில், மதியச் சாப்பாட்டு மேசையில் என் தலையில் விழுந்தது. கணினி பழுது பார்க்கும் குவான்-லின் எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மழை ஓயாமல் பெய்த ஒரு...’ வேண்டாம். மழையைக் கண்டால் நீங்கள் அழத் தயாராகிவிடுவீர்கள். அன்று நல்ல வெயில்.

2.
போன மாதம் லாய் அம்மா, செத்துப்போன மகனின் கணினியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு இவன் கடைக்கு வந்தாள். ஏறக்குறைய ஓராண்டாக மின்சாரமே காணாத பெட்டி. அதற்குள் மகன், மென்பொருளாலேயே இன்னொரு கணினியை உண்டாக்கி, தன் குரல் பதிவுகளை அதில் பூட்டி வைத்திருந்தான். வேறெந்தப் பெட்டியிலும் அது திறக்காது. அந்த உள்கணினி ஓட, பிராசஸரில் மெய்நிகராக்க வசதி இருக்க வேண்டும்.

குவான்-லின் பெட்டியின் தலையில் பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்றை வைத்தான். இயந்திரம் சமர்த்தாக நடந்துகொள்ள இங்கே எல்லாரும் வைப்பதுதான். பிறகு சோதித்தான். ‘மெய்நிகராக்கம்: இல்லை’ என்று வந்தது.

“இந்த பிராசஸர்ல அந்த வசதியே கிடையாதும்மா. திறக்காது.”

“என்ன தம்பி சொல்றே? அவன் தினமும் இதுலதானே திறப்பான்?”

“அது வேற பெட்டியா இருக்கும். நான் பாக்காத பெட்டியாம்மா?”

(இங்கே அவன் சட்டையைப் பிடித்து, “அடேய், அந்தம்மா கேட்டது காதில் விழுந்ததா?” என்று உலுக்க ஆசை. எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. நடந்து முடிந்ததில் என்ன அதிகாரம், மண்ணாங்கட்டி!)

பதிவுகள் இருந்த டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான்.

3.
இன்று காலை இன்னொரு பழைய பெட்டி வந்தது. அதே ‘இல்லை’. உள்ளிருக்கும் சின்ன பேட்டரி செத்து, அமைப்புகளெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே போயிருந்தன. பேட்டரியை மாற்றி, அமைப்புக்குள் போய் அந்த வசதியை இயக்கினான். ‘ஆம்’ என்று வந்தது. வசதி அணைந்து கிடந்தாலும் திரை ‘இல்லை’ என்றுதான் சொல்லும். லாய் அம்மாவின் பெட்டிக்கும் இதுதான் நேர்ந்திருக்கும். அவனுக்குத் தெரியாததா? அன்று அவசரம்.

சாப்பாட்டை விட்டுவிட்டு, என் எதிரிலேயே லாய் அம்மாவுக்குப் போன் போட்டான்.

“அம்மா, அந்த டிஸ்க்...”

“நானே உன்னைப் பாக்க வரணும்னு இருந்தேன் தம்பி. அவனோட வருஷ நாள்ல, அவனுக்கு அனுப்புற காகிதப் பணத்தோட அதையும் எரிச்சுட்டேன். இங்க திறக்கலன்னா என்ன, அங்க அவனே திறந்துக்குவான். நீ தெளிவாச் சொன்னதாலதான் மனசு வந்துச்சு. அன்னிக்குத்தான் தூங்கினேன், போ.”

4.
முடிவு ஒன்று: அவன் உண்மையைச் சொல்கிறான். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து... (கோடு போட்டு அடித்துவிட்டேன். என்னால் ஆகாது.)

முடிவு இரண்டு: “சும்மாதாம்மா கூப்பிட்டேன்” என்கிறான். மறுநாள் அவள் ஒரு கூடை கொய்யாவோடு நன்றி சொல்ல வருகிறாள். அதை அவன் தின்ன வேண்டும்.

மூன்றாவது என்னிடம் இல்லை. குவான்-லின் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, “நீங்க எழுதுறவர்தானே, என்ன சொல்லட்டும்?” என்றான். நான் நூடுல்ஸைப் பார்த்தேன். இப்போது அவன் உங்களைப் பார்க்கிறான்.

“தம்பி? லைன்ல இருக்கியா? எதுக்குக் கூப்பிட்டே?”